நாய், பூனை வைச்சிருக்கிறவைக்கு யாழ்ப்பாணத்தில வீடு வாடகைக்குக் குடுக்கலாமோ?

வீடுதேடுறன் (கொக்குவில்)

எல்லாருக்கும் வணக்கம். மாற்றம் கிடைச்சு வவுனியாவில இருந்து யாழ்ப்பாணத்துக்கு வாறம். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலி, கலட்டிப் பக்கம் ரெண்டு அறை வீடு பாக்கிறம். வாடகையில பிரச்சினை இல்லை, அட்வான்சிலயும் இல்லை. எங்களோட ஒரு ஊர் நாய் இருக்கு. பெட்டை, கருத்தடை செய்தது, ஊசி போட்ட கார்ட் கையில இருக்கு. கதை எல்லாம் அதில வந்துதான் முறியுது.

வீட்டுக்காரர் கேக்கிறது மூண்டு கேள்வி. எத்தின பேர், மச்சம் சமைப்பியளோ, நாய் பூனை இருக்கோ. மூண்டாவதுக்கு ஓம் எண்டு சொன்ன உடன "அது சரிவராது பிள்ளை" எண்டு படலையடியிலயே அனுப்பிப்போடுவினம். அந்த நாய் எங்க படுக்கும், பகலில ஆர் பாக்கிறது, ஊசி போட்டதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதைக் கேட்டுப்போட்டு மறுத்தாக்கூட எனக்குக் கவலை இல்லை. ஒரு வாடகைக்காரரைப் பற்றி வேலை, ஊர், சொந்தம் எல்லாம் விசாரிக்கிற நாங்கள், நாய் எண்ட உடன விசாரணையையே நிப்பாட்டிப்போடுறம். வளர்க்கிற ஆளைப் பாத்து முடிவெடுக்கவேணும் எண்டுதான் நான் சொல்லுறன்.

நாயை எங்கயாவது விட்டிட்டு வாங்கோ எண்டு தரகர் சொல்லுறார். அது நடக்காது. வீட்டுக்காரராய் இருக்கிறவை, வாடகைக்கு இருக்கிறவை ரெண்டு பக்கமும் சொல்லுங்கோ.

பாலைக்கதவு (இணுவில்)

தங்கச்சி, நீங்கள் கேக்கிறதில நியாயம் இருக்கு. வீட்டுக்காரற்ற பக்கத்தையும் கேளுங்கோ.

அப்பா கட்டின வீடு ஒண்டை வாடகைக்குக் குடுத்தனான். சிவப்புச் சீமெந்துத் தரை, பாலை மரக் கதவு. இருந்த குடும்பம் நல்ல ஆக்கள், வாடகை மாதம் பிறந்தா வந்திடும். ரெண்டு பேரும் வேலைக்குப் போகேக்க நாயை அறைக்குள்ள விட்டுப் பூட்டிப்போட்டுப் போவினம். அவை வீட்டை விட்டபிறகுதான் உள்ளுக்குப் போய்ப் பாத்தன். கதவின்ர கீழ்ப் பலகையில தரையில இருந்து முழங்கால் உயரத்துக்கு நகக்கீறல். கைவைச்சுத் தடவினா விரல் நுனி இறங்குற அளவுக்குப் பள்ளம். தச்சர் வந்து பாத்துப்போட்டு, சீவி மட்டமாக்கினாப் பலகை மெலிஞ்சுபோம், மாத்தத்தான் வேணும் எண்டார். அந்தத் தரத்தில பாலை இப்ப எங்க எடுக்கிறது?

தரை அதைவிட மோசம். சீமெந்துக்குள்ள மூத்திரம் ஊறியிருக்கு. கோடையில ஒண்டும் தெரியேல்ல. மாரி துவங்கி ஈரம் ஏறின உடன அந்த அறைக்குள்ள நிக்க ஏலாமல் போச்சுது. பினாயில், சவர்க்காரத்தூள் எண்டு எல்லாம் ஊத்திப் பாத்தாச்சு.

கிணத்தையும் சொல்லவேணும். எங்கட வளவில ரெண்டு வீட்டுக்கும் ஒரு கிணறு. நாயைக் கிணத்தடியிலதான் குளிப்பாட்டினவை. இது சுண்ணாம்புக்கல் நிலம், மேல ஊத்துறது கீழ போகும். அந்தத் தண்ணியைத்தான் நாங்களும் குடிக்கிறது.

எங்கட ஒழுங்கை முகப்பில வைரவர் கோயில். நாயை வெறுக்கிற ஆக்கள் இல்லை நாங்கள். எங்கட வளவிலயும் ஒண்டு நிக்குது. ஆனா என்ர நாய் செய்யிற சேதத்துக்கு நான் பொறுப்பு. உங்கட நாய் செய்யிறதுக்கு அட்வான்சில கழிக்கப் போனா அங்கதான் சண்டை வரும்.

பூனைப்பிள்ளை (கந்தர்மடம்)

நாய்க்காரரையாவது படலையடியில நிப்பாட்டிக் கதைக்கினம். பூனை எண்டா "அது எப்பிடியும் வந்துபோறதுதானே" எண்டு ஓம் சொல்லிப்போட்டு, நாலு மாதத்தால மீன் மணக்குது எண்டு எழுப்பினவை எங்களை. நான் பூனைக்குச் சூடை அவிக்கிறது வெளி அடுப்பில, கோடிப்பக்கம். வீட்டுக்காரர் சைவம், காத்து அவையின்ர பக்கம் அடிக்குது. முதலே கேட்டிருந்தா நான் அந்த வீட்டை எடுத்திருக்கவே மாட்டன்.

பூனை நிக்கிற வீட்டில எலி இல்லை எண்டதையும் பாருங்கோ. 2024 டிசம்பரில வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலால யாழ்ப்பாணத்தில எத்தின வீட்டில சாவு விழுந்தது.

வெளிநாட்டு வீட்டுக்காரன் (லண்டன்)

கோண்டாவிலில எங்கட வீடு இருக்கு. ஒரு குடும்பத்துக்குக் குடுத்திருக்கிறன். நாய் வைச்சிருக்கினம், நானே வைச்சிருக்கச் சொன்னன். பூட்டின வீடு, ஆளில்லாத வளவு எண்டா என்ன நடக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். கதவு நிலையைக்கூடக் கழட்டிக்கொண்டு போயிருக்கினம். கேற்றடியில ஒரு நாய் குலைச்சா ராத்திரியில வாறவன் அடுத்த வளவைப் பாப்பான்.

இஞ்ச இங்கிலாந்தில சட்டமே மாறியிட்டுது. 2025 இல நிறைவேற்றின வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, வளர்ப்புப் பிராணி வைச்சிருக்க அனுமதி கேட்டு வாடகைக்காரர் எழுத்தில குடுத்தா, வீட்டுக்காரர் 28 நாளுக்குள்ள எழுத்தில பதில் சொல்லவேணும். நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கேலாது. அது நடைமுறைக்கு வாறது 2026 மே 1 இல இருந்து. ஊரிலயும் இப்பிடி ஒண்டு வந்தா நல்லது.

பாலைக்கதவு (இணுவில்)

தம்பி, அங்க சட்டம் மட்டும் தனிய நிக்கேல்ல. அட்வான்ஸ் காசைப் பதிவு செய்த பாதுகாப்புத் திட்டத்தில சேர்க்கவேணும் எண்டு 2007 இலயே கொண்டுவந்திட்டினம். பிணக்கு வந்தா நடுவில நிண்டு தீர்க்க ஆள் இருக்கு. இஞ்ச என்ர கதவுக்குக் காசு கேக்க நான் எங்க போறது? நீதிமன்றத்துக்குப் போனா என்ர பேரப்பிள்ளையும் தவணைக்குப் போகும். அந்த ஒழுங்கு இல்லாமல் இந்த உரிமையை மட்டும் கொண்டுவந்தா, வீட்டைப் பூட்டி வைச்சிருக்கிறதுதான் நடக்கும். பூட்டின வீடு யாழ்ப்பாணத்தில இப்பவே கனக்க இருக்கு.

பனிக்காலம் (ரொறன்ரோ)

அண்ணை சொல்லுறது சரி. ஒன்ராறியோவில 2006 ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில "பிராணி கூடாது" எண்டு எழுதினா அந்த வரி செல்லாது எண்டு சொல்லுது. பிராணிக்கெண்டு தனி அட்வான்சும் வாங்கேலாது. சேதம், பெரிய சத்தம், ஆருக்காவது கடும் ஒவ்வாமை எண்டா வீட்டுக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேக்க நல்லாயிருக்கு. ஆனா ஒப்பந்தம் எழுத முந்தி மறுக்கிறதை அந்தப் பிரிவு தடுக்காது. அதால இஞ்சயும் நாய் எண்டா வேற காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பினம். தொடர்மாடி வீடு எண்டா கட்டடத்தின்ர சொந்த விதி வேற.

பரிசில இருக்கிற என்ர மச்சாள் சொல்லுவா, பிரான்சில 1970 ஆம் ஆண்டிலயே அந்தத் தடை வரி செல்லாது எண்டு சட்டம் வந்திட்டுதாம். மற்ற ஆக்களின்ர அமைதியைக் கெடுக்கக்கூடாது, சேதம் வரக்கூடாது எண்டதுதான் நிபந்தனை. ஆபத்தான சில சாதி நாயளுக்கு மட்டும் விலக்கு.

சட்டப்புத்தகம் (சுண்டுக்குழி)

சட்டத் தொழிலில் இருப்பதால் இலங்கை நிலையைச் சொல்கிறேன்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் வாடகைக்காரரை வெளியேற்றுவதற்கான காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் நாய், பூனை வளர்ப்பது ஒரு தனிக் காரணமாக இல்லை. அயலில் குடியிருப்போருக்குத் தொல்லை கொடுத்தல், வாடகைக்காரரின் செயலால் அல்லது கவனக்குறைவால் வீடு பழுதடைதல் ஆகியவை காரணங்களாக உண்டு. ஆனால் புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே உங்கள் ஒப்பந்தம்தான் எல்லாம். யாழ்ப்பாணத்தில் பலர் ஒப்பந்தமே எழுதுவதில்லை, எழுதினாலும் கடையில் விற்கும் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்புகிறார்கள்.

நாய் கடித்தால் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர் பலர் பயப்படுகிறார்கள். எங்கள் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டம். அதன்படி பிராணியின் உரிமையாளரே பொறுப்பு. வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள்மேல் வராது. நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்து இருக்கிறது. பதிவும் ஊசியும் உள்ள நாய் என்றால் அது யாருடைய நாய் என்பதில் பின்னர் வழக்கு வராது.

அட்வான்ஸ் பிணக்குக்கு உடனே நீதிமன்றம் ஓடத் தேவையில்லை, அண்ணை. மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. இப்படிப்பட்ட சிறு காசுப் பிணக்குகளுக்கு அதுதான் இடம். ஆனால் அங்கே போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். வீட்டைக் கொடுத்த நாளில் ஒவ்வொரு கதவையும் தரையையும் படம் எடுத்து, இரு பகுதியினரும் கையொப்பம் வைத்த தாள் ஒன்று இருந்திருந்தால் உங்கள் பாலைக் கதவுக்கு அன்றே ஒரு முடிவு வந்திருக்கும்.

கால்நடைக்காரி (மானிப்பாய்)

மிருக வைத்தியம் படிச்சவள் எண்டபடியால் சிலதைச் சொல்லவேணும்.

பாலைக்கதவு அண்ணை, அந்தக் கீறல் கெட்ட நாயின்ர வேலை இல்லை. தனிய விட்டுப் பூட்டினா சில நாயளுக்குப் பதகளிப்பு வரும். வெளிய போற வழியைத் தேடிக் கதவைத்தான் பிறாண்டும். அதால நாய் வைச்சிருக்கிற ஆளிட்ட வீட்டுக்காரர் கேக்கவேண்டிய முதல் கேள்வி, பகலில வீட்டில ஆர் எண்டதுதான். கட்டை சங்கிலியில நாள் முழுக்கக் கட்டிவைக்கிறதும் அப்பிடித்தான். ராவெல்லாம் குலைச்சு அயலை எழுப்புறதில கனக்க அப்பிடிக் கட்டின நாயள்தான்.

மூத்திர மணத்துக்குப் பினாயில் மருந்து இல்லை. மூத்திரத்தில இருக்கிற யூரிக் அமிலம் தண்ணியில லேசில கரையாது. அதாலதான் ஈரம் பட்டா திரும்ப மணக்குது. அதை உடைக்கிற நொதியம் கலந்த திரவம் விக்கினம், ஊத்தி ஊறவிடவேணும். மினுக்கின சீமெந்தில வெடிப்பு இருந்தா அதையும் அடைக்கவேணும். பூனை நிக்கிற வீட்டில பினாயில் ஊத்தவே கூடாது, பூனையின்ர ஈரலுக்கு அது நஞ்சு.

வீட்டுக்காரர் பயப்படவேண்டிய ஒண்டு இருக்கு, அதைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் கதைக்கேல்ல. உண்ணி. இரத்தம் குடிச்சு ஊதின பெட்டை உண்ணி நாயில இருந்து இறங்கி, சுவர் வெடிப்பு, யன்னல் நிலை இடுக்கு, சாமிப் படத்துக்குப் பின்பக்கம் எண்டு ஏறி ஆயிரக்கணக்கில முட்டை இடும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில உயிரோட கிடக்கும். நாயும் குடும்பமும் போனாப்பிறகு பெயின்ற் அடிச்ச வீட்டுக்குள்ள புதுசா வாறவைக்குத்தான் அந்தத் தொல்லை. உண்ணி மருந்து ஒழுங்காக் குடுக்கிற நாய் எண்டா இந்தப் பிரச்சினையே வராது. அதால ஊசிக் கார்ட்டோட உண்ணி மருந்து கடைசியாக் குடுத்த திகதியையும் கேளுங்கோ.

விசர்நாய்க்கடி ஊசி வருசத்துக்கு ஒருக்காப் போடவேணும். அந்த நோய் அறிகுறி காட்டத் துவங்கினா ஆளைக் காப்பாத்த ஏலாது எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. எந்த நாய் கடிச்சாலும் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

பூனைப்பிள்ளை, எலிக்காய்ச்சலுக்குப் பூனையை நம்பாதேங்கோ. அது எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தாலயும் சேத்தாலயும் வாறது. ஊசி போடாத நாய்க்கும் அது வரும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில பூனை கூடாது எண்டு எழுப்புற வீட்டுக்காரருக்கும் ஒண்டு சொல்லுறன். பூனை மலத்தில வாற கிருமி தொத்துற நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல எடுக்கும். மண் தட்டை ஒவ்வொரு நாளும் வேற ஆள் துப்பரவாக்கினாக் காணும். பூனையைக் கலைக்கத் தேவை இல்லை.

ஐந்துசந்தி

சோனகதெருவில் எங்கள் வீட்டின் மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கிறோம். படி ஒன்று, வாசல் ஒன்று. பூனை வைத்திருந்தால் எங்களுக்குத் தடையில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. நாய்க்கு ஓம் சொல்ல எங்களால் முடியாது. நாயின் எச்சில் பட்டால் உடுப்பைக் கழுவித் துப்பரவாக்காமல் தொழ முடியாது, ஒரே படியில் அதைக் காப்பது கஷ்டம். நாயின்மேல் கோபம் இல்லை, ஒழுங்கையில் நிற்கிறவற்றுக்குத் தண்ணீர் வைக்கிறோம். இப்படிக் காரணம் உள்ளவரை சட்டம் வற்புறுத்தக்கூடாது என்பதே என் கருத்து.

வீடுதேடுறன் (கொக்குவில்)

ஐந்துசந்தி நானா, உங்கட காரணத்தை நான் முழுசா மதிக்கிறன். ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற ஆள் மறுக்கலாம். நான் கேக்கிறது தனி வளவு, தனி வீடு, சொந்தக்காரர் வேற ஊரிலயோ வேற நாட்டிலயோ இருக்கிற இடத்தில ஏன் மறுக்கிறது எண்டுதான்.

இன்னொண்டையும் யோசியுங்கோ. வீடு மாறேக்க இடம் கிடைக்காமல் விடுற நாய் எங்க போகுது? சந்தையடி, கோயில் வீதி, பள்ளிக்கூட மதில் பின்பக்கம். அங்க அதுக்கு ஊசியும் இல்லை, கருத்தடையும் இல்லை. 2006 இல இருந்து கட்டாக்காலி நாயைக் கொல்லுறதை அரசாங்கம் நிப்பாட்டியிட்டுது. அது சரியான முடிவு. ஆனா அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாயும் ஆரோ ஒருத்தற்ற பொறுப்பாய் இருக்கவேணும். ராத்திரி மோட்டச்சைக்கிளுக்குக் குறுக்க பாயிற நாயில கனக்க ஒருகாலம் ஒரு வீட்டில பேர் சொல்லிக் கூப்பிட்ட நாய்தான்.

அனெக்ஸ்காரி (திருநெல்வேலி)

இதில நான் ரெண்டு பக்கமும் நிக்கிறன். கம்பஸ் பிள்ளையளுக்கு அனெக்ஸ் குடுக்கிறது நாங்கள். ஒவ்வொரு பட்ச்சும் எங்கயாவது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். பாவம் எண்டு பிஸ்கட் குடுத்து வளப்பினம், பரீட்சை முடிஞ்சா ஊருக்குப் போவினம். போனமுறை போன பொடியன் அம்பாறைப் பக்கம், பஸ்சில நாயைக் கொண்டுபோக ஏலாது எண்டு அழுதுகொண்டு போனவன். அந்த நாய் இப்பவும் பின்னேரம் அஞ்சு மணிக்கு, அவன் லெக்சர் முடிஞ்சு வாற நேரத்துக்கு, கேற்றடியில போய்ப் படுக்குது. சோறு வைக்கிறது நான். ஊசி போட்டது நான்.

ஆனபடியா எனக்கு ஓம் எண்டு சொல்லுறது கஷ்டம் இல்லை. போகேக்க கொண்டு போகவேணும். அதை ஆர் எழுதித் தருவினம்?

பென்சனியர் (நல்லூர்)

பிள்ளையள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிடேக்க எங்கட நாயை அவிட்டு விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். நாவற்குழிப் பாலத்தில ஆளோட ஆள் நெருக்குப்பட்ட அந்த இரவில வேற வழி இருக்கேல்ல. அண்டைக்கு எல்லா வீட்டிலயும் அதுதான் நடந்தது. இண்டைக்குச் சண்டை இல்லை, செல் இல்லை. ஒரு ஒப்பந்தத்தில ஒரு வரி இருக்கு எண்டதுக்காக ஒரு குடும்பம் தன்ர நாயை றோட்டில விட்டிட்டு வரவேணும் எண்டா என்னால ஏற்க ஏலாது. என்ர வீட்டு முன்பகுதியை நாய் வைச்சிருந்த ஆக்களுக்குக் குடுத்தனான், ஒரு குறையும் இல்லை. குளிப்பாட்ட வளவின்ர மற்றக் கரையில ஒரு பைப் போட்டுக் குடுத்தன், கிணத்தடிப் பிரச்சினை அதோட முடிஞ்சுது.

பாலைக்கதவு (இணுவில்)

எல்லாற்ற கதையையும் வாசிச்சன். பைப் போடுறது நல்ல யோசனை ஐயா, நான் அதை யோசிக்கேல்ல.

என்ர முடிவைச் சொல்லுறன். அப்பாவின்ர வீட்டை நாய்க்காரருக்கு நான் இனியும் குடுக்கமாட்டன். அந்தத் தரையையும் கதவையும் திரும்பச் செய்ய ஏலாது. அது பழைய வீட்டுக்குரிய காரணம், அதை முகத்துக்கு நேர சொல்லுவன். பின்னால ரைல்ஸ் போட்டுக் கட்டின சின்ன வீட்டுக்கு நான் ஓம். பகலில ஆள் இருக்கவேணும், கிணத்தடிக்கு நாய் வரக்கூடாது, ஊசிக் கார்ட் காட்டவேணும், வீட்டை விடேக்க உண்ணி மருந்து அடிச்சுத் தரவேணும். சட்டப்புத்தகம் தம்பி, இதை எப்பிடி எழுதுறது? அனெக்ஸ்காரி தங்கச்சி கேட்டதையும் சேருங்கோ.

சட்டப்புத்தகம் (சுண்டுக்குழி)

இப்படி எழுதலாம், உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"வாடகைக்காரர் இத்துடன் இணைத்துள்ள படத்தில் காணப்படும் நாயை மட்டும் இவ்வளவில் வைத்திருக்கலாம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றி அதன் அட்டையை வீட்டு உரிமையாளருக்குக் காட்ட வேண்டும். நாயைக் கிணற்றின் கட்டைச் சுற்றிக் குளிப்பாட்டக்கூடாது. நாயால் கதவு, தரை, யன்னல் வலை ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்தை, குடியேறிய நாளில் எடுத்த படங்களுடன் ஒப்பிட்டு, வாடகைக்காரர் ஈடு செய்ய வேண்டும். வீட்டை ஒப்படைக்கும்போது நாயை உடன் கொண்டு செல்ல வேண்டும். முடியாவிடின், அதை ஏற்றுக்கொள்ளும் ஒருவரின் எழுத்து மூலச் சம்மதத்தை ஒரு மாதத்துக்கு முன் கையளிக்க வேண்டும்."

"மட்டும்" என்ற சொல்லை விடாதீர்கள். குட்டி போட்டால் புதிதாகக் கேட்க வேண்டும். சேதத்துக்கு எவ்வளவு என்று முதலே ஒரு தொகை எழுதாதீர்கள், தச்சரின் கணக்கே கணக்கு.

வீடுதேடுறன் (கொக்குவில்)

இந்த வரியள் எல்லாத்துக்கும் நான் இப்பவே கையெழுத்து வைப்பன். கடைசி வரிக்கு முதல் வைப்பன். பகலில என்ர மாமி வீட்டில இருப்பா, அதையும் எழுதலாம். நாய் ராவில விறாந்தையில படுக்கிறதுக்கு அனுமதி எண்டு மட்டும் சேர்க்கவேணும். மாரியில முத்தத்தில கட்ட நான் சம்மதிக்கமாட்டன்.

பாலைக்கதவு (இணுவில்)

விறாந்தை சரி. மழைக்குள்ள ஆர் கட்டச் சொன்னது.

தம்பி, சின்ன வீட்டில இப்ப இருக்கிற ஆக்களும் பூனை வளர்க்கலாமோ எண்டு கேட்டவை, நான் மறுத்தனான். ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கு. இதை அதோட சேர்க்க ஏலுமோ, இல்லாட்டிப் புதுசா எழுதவேணுமோ?

சட்டப்புத்தகம் (சுண்டுக்குழி)

சேர்க்கலாம். தனித் தாளில் எழுதி, மூல ஒப்பந்தத்தின் திகதியைக் குறிப்பிட்டு, இருவரும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதியது என்றால் அவரிடமே கொண்டுபோங்கள். பூனைக்கு யன்னல் வலையையும் செற்றியையும் பெயர் சொல்லி எழுதுங்கள், கிணற்று வரி அங்கே தேவைப்படாது.